வயர் மாற்றும் முன் வீட்டைத் தயார் செய்யுங்கள்!

வாலாஜாபாத் வட்டாரக் கிராமங்களில் பல வீடுகள் இன்று இரண்டு தொழில் வீடுகள். அப்பா நெல்லையும் கறவை மாட்டையும் பார்க்கிறார். பிள்ளை ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ ஷிப்ட் வேலைக்குப் போகிறார். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், 2011-ல் தொடங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் என வீட்டுக்குள் சாமான்கள் சேர்ந்தன. அதன்பின் ஃபிரிட்ஜ், ஏ.சி., வாட்டர் ஹீட்டர் வந்தன. சுவரில் ஓடும் வயர் மட்டும் நாலு பல்பு, இரண்டு ஃபேனுக்காகப் போட்டதாகவே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹீட்டர் 2,000 வாட், ஏ.சி. 1,200 வாட், இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். மொத்தம் 4,200 வாட். 230 வோல்ட்டில் இது 18 ஆம்பியருக்கு மேல். பழைய மெல்லிய வயர் இதைத் தாங்காது. சுவிட்ச் சூடாவது, ஹீட்டர் போட்டதும் விளக்கு மங்குவது, ஃபியூஸ் அடிக்கடி போவது ஆகியவை வயர் மாற்ற வேண்டிய அறிகுறிகள். இந்த நிலையில் ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பது தீ விபத்துக்கு வழி.

எந்தப் பருவம் ஏற்றது?

சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. சுவர் காய்ந்திருக்கும், பூச்சும் சீக்கிரம் உலரும். இன்னொரு பயனும் உண்டு. மண் காய்ந்திருக்கும்போது எர்த் சரியாக வேலை செய்தால், மழைக்காலத்திலும் கவலை இல்லை. ஐப்பசி மழையில் சுவரை வெட்டத் தொடங்க வேண்டாம்.

எலக்ட்ரீஷியன் வரும் முன்

1. அறை அறையாகப் போய், பிளக், சுவிட்ச், ஃபேன் வர வேண்டிய இடங்களைச் சாக்பீஸால் சுவரில் குறியுங்கள். மாட்டுக் கொட்டகை, களம், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். இன்னும் ஐந்து ஆண்டுகளில் வாங்கப் போவதையும் சேர்த்து எழுதுங்கள்.

2. எல்லாச் சாதனங்களின் வாட்டையும் கூட்டி, உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவுடன் ஒப்பிடுங்கள். கூடுதல் என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்பே விண்ணப்பியுங்கள். மீட்டர் சீலை யாரும் தொடக் கூடாது. கம்பத்தில் ஏறும் வேலை மின்வாரிய ஊழியருடையது. மின்னகம் எண்: 94987 94987.

3. தகுதிச் சான்று உள்ள மின்கம்பியாளரிடம் வேலையைக் கொடுங்கள். பாயிண்ட் கணக்கா, மொத்தக் கூலியா, சுவர் வெட்டிப் பூசுவது யார் செலவு என்பதை எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் சண்டை வராது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள செம்பு வயரையே வாங்குங்கள். பொதுவாக லைட், ஃபேனுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி., ஹீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர்.

4. பரணையும் சுவரோரங்களையும் காலி செய்யுங்கள். விதை நெல் மூட்டைகளைச் சிமெண்ட் தூசும் ஈரமும் படாத இடத்தில், மரப்பலகை மேல் அடுக்குங்கள். விதை நெல்லின் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டினால் முளைப்புத்திறன் குறையும்.

5. இன்வெர்ட்டரை நிறுத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டரிலிருந்து வயரில் மின்சாரம் வரும். சோலார் இருந்தாலும் இதே எச்சரிக்கை தேவை.

6. வேலையை அறை அறையாகச் செய்யச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜுக்கும், இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குபவருக்கும் ஓர் அறை எப்போதும் தயாராக இருக்கட்டும்.

விவசாய வீட்டுக்கே உரிய ஆபத்துகள்

நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி வயரைக் கடிக்கும். எனவே மூட்டை அடுக்கும் அறையில் வயர் முழுவதும் குழாய்க்குள் ஓட வேண்டும். சிலர் பூச்சிக்காக வீட்டுக்குள்ளேயே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிறார்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். செம்புக் கம்பியையும் அரிக்கும். குடியிருக்கும் வீட்டில் அதை வைக்கவே கூடாது. யூரியா மூட்டையையும் சுவிட்ச் போர்டுக்குக் கீழே அடுக்காதீர்கள்.

அடுத்தது மாட்டுக் கொட்டகை. ஈரத் தரை, வெறும் குளம்பு, முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. அதனால் மனிதருக்கு லேசாக உறுத்தும் மின்கசிவே மாட்டின் உயிரை வாங்கிவிடும். கொட்டகைக்குத் தனி லைன் போடுங்கள். பல்பும் வயரும் கொம்புக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். துணி உலர்த்தும் கம்பி வயர் பக்கமே போகக் கூடாது.

எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அது வயரைக் காப்பது. உயிரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு ஒன்று, கொட்டகைக்கு ஒன்று வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டாமல், முறையாகக் குழி எடுத்துப் போடுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் அலங்கார விளக்கைக் குறையுங்கள், எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் குறைக்காதீர்கள்.

கூலி கொடுக்கும் முன்

சுவரைப் பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது வயர் எங்கே ஓடுகிறது என்று தெரியும். வேலை முடிந்ததும் மெகர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகே மெயினைப் போட வேண்டும்.

வாசகர் கேள்வி

மோட்டார் கொட்டகையிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு ஒரு லைன் இழுத்துக்கொள்ளலாமா?

கூடாது. விவசாய இலவச மின்சாரம் அனுமதித்த பயன்பாட்டுக்கு மட்டுமே. வேறு வேலைக்கு எடுத்தால் மின்சாரச் சட்டம் 2003-ன்படி அபராதத் தொகை கட்ட நேரிடும். தரையில் இழுத்த வயர் மண்வெட்டியிலோ மாட்டின் காலிலோ சிக்கும் ஆபத்தும் உண்டு. வீட்டு மெயினிலிருந்து ஆர்.சி.சி.பி.யுடன் தனி லைன் எடுப்பதே சரி.