கோட்டைக்குள்ளே முதல் நாள்: அச்சில் வந்ததும் வராததும்

ஆண்டின் முதல் கூட்டத்தொடர் தொடங்குகிற காலையில், சென்னையிலேயே வெள்ளை வெளேரென்று இருக்கிற இடம் எது தெரியுமா? ஓமந்தூரார் அரசினர் தோட்டத்து எம்.எல்.ஏ. விடுதி! கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி, விறைத்து நிற்கும் சட்டை, வேட்டி ஓரத்தில் கட்சிக் கரை. கரையைப் பார்த்தாலே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும், முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வாசலில் தொகுதிக்காரர்கள் கையில் மனுவோடு நிற்கிறார்கள். "அண்ணே, ஒரே ஒரு பாஸ் அண்ணே, மாடத்துல ஓரமா உக்காந்துக்கறேன்!" அண்ணன் தன் அடையாள அட்டையையே சட்டைப் பை, கார் சீட், உதவியாளர் பை என்று தேடிக்கொண்டிருக்கிறார். அட்டை கிடைத்ததும் கார் சீறுகிறது. நாமும் பின்னாலேயே போவோம், வாருங்கள்.

புனித ஜார்ஜ் கோட்டை. வெளியே பாதுகாப்பு வளையம், உள்ளே இன்னொரு வளையம், அதற்குள்ளே மோப்ப நாய்கள். காவல்துறை பேண்டு வாத்தியக்காரர்கள் வெயிலுக்கு முன்பே வந்து நின்றாகிவிட்டது. முகப்பில் கருங்கல் தூண்கள் பளபளக்கின்றன. அவசரத்தில் எல்லாரும் அவற்றைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். நாம் ஒரு நிமிடம் நிற்கலாம். 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோட்டையின் தூண்களைப் பெயர்த்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள் என்றும், பிறகு ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது மீட்டு வந்தார்கள் என்றும் சென்னை வரலாற்றாளர்கள் சொல்வார்கள். அதாவது, இங்கே முதன்முதலில் வெளிநடப்பு செய்தவை தூண்கள்தாம்!

சரி, மண்டபத்துக்குள் எட்டிப் பார்ப்போம். தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து ஏதோ பிரம்மாண்டம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு முதலில் திகைப்புதான். 'இவ்வளவுதானா?' 234 பேர் உட்கார வேண்டும், அமைச்சர்கள் முன்வரிசையில், அதிகாரிகளுக்கு ஒரு மாடம், நிருபர்களுக்கு ஒரு மாடம், பார்வையாளருக்கு ஒன்று. தோளோடு தோள் இடிக்கும் நெருக்கம். அந்த நெருக்கம் எனக்குப் பிடிக்கும். யாராவது முணுமுணுத்தால் எதிர்வரிசைக்குக் கேட்டுவிடும், அதிலிருந்துதான் பாதிக் கலகம் பிறக்கிறது.

நடுவில் உயரமாகப் பேரவைத் தலைவரின் நாற்காலி. 1922-ல் சென்னை ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபு தம்பதி அன்பளிப்பாகக் கொடுத்தது. கொடுத்தவர்கள் போய், அவர்கள் ஆண்ட சாம்ராஜ்யமும் போய், நாற்காலி மட்டும் நிலைத்துவிட்டது. ஆதித்தனார், மதியழகன், முனு ஆதி, பி.எச். பாண்டியன், காளிமுத்து, தனபால், அப்பாவு என்று எத்தனையோ பேரவைத் தலைவர்களைக் கண்டாகிவிட்டது.

ஆனால் இந்தப் பேரவை ஒரே இடத்தில் சமர்த்தாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இடம் மாறி மாறி அலைந்த குடும்பம் இது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தை 1921 ஜனவரி 12-ல் கன்னாட் கோமகன் வந்து தொடங்கிவைத்தார். 1937-ல் 215 உறுப்பினர்களோடு பேரவை வந்தபோது சேப்பாக்கம் செனட் மண்டபத்தில் கூடினார்கள். பிறகு இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் சொல்கிற இடம். 1952-ல் உறுப்பினர் எண்ணிக்கை 375! ஆந்திரம் பிரியாத காலம். அத்தனை பேரை எங்கே உட்காரவைப்பது? அரசினர் தோட்டத்தில் புது மண்டபமே கட்டினார்கள். ஆந்திரம் பிரிந்து, மொழிவழி மாநிலங்கள் வந்து, கூட்டம் கரைந்ததும் 1957-ல் கோட்டைக்கே திரும்பியாகிவிட்டது. காலியான மண்டபம் சிறுவர்களுக்கான பாலர் அரங்கம் ஆனது. (சிரிக்காதீர்கள், உண்மைதான்.) பாலர் அரங்கம் பின்னாளில் கலைவாணர் அரங்கம் ஆயிற்று. 2020-ல் கொரோனா வந்து, இடைவெளி விட்டு உட்கார வேண்டும் என்றதும், பேரவை எங்கே போனது? அதே இடத்தில் புதிதாக எழுந்திருந்த கலைவாணர் அரங்கத்துக்கு! நடுவில் 1959 ஏப்ரலில் ஊட்டிக்குப் போய் அரன்மோர் மாளிகையில் கூடிய கதையும் உண்டு. சித்திரை வெயிலில் ஊட்டியில் சட்டமன்றம்! அந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவருக்கு ஒரு கும்பிடு. 2010 மார்ச்சில் ஓமந்தூரார் தோட்டத்தில் திறந்த புதிய தலைமைச் செயலக வளாகம் 2011-ல் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டு, 2014-ல் பன்னோக்கு மருத்துவமனை ஆகிவிட்டதை எல்லாரும் அறிவோம். எம்.எல்.ஏ. விடுதிக்காரர்கள் தினமும் அதைப் பார்த்தபடிதான் கோட்டைக்குக் கிளம்புகிறார்கள்.

மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. இன்றைய கதாநாயகனைக் காட்டுகிறேன். ஆள் இல்லை, புத்தகம். ஆளுநர் உரை!

இதன் பின்கதை யாருக்குமே தெரிவதில்லை. உரையைப் படிப்பவர் ஆளுநர், எழுதுவதோ அரசு. அரசியலமைப்பின் 176-ஆம் பிரிவு அப்படி: பொதுத்தேர்தலுக்குப் பிறகு கூடும் முதல் கூட்டத்தொடரிலும், ஒவ்வோர் ஆண்டின் முதல் கூட்டத்தொடரிலும் ஆளுநர் வந்து பேரவையில் உரையாற்ற வேண்டும். அரசு என்ன செய்தது, என்ன செய்யப்போகிறது என்று சொல்ல வேண்டும். துறைகளிலிருந்து சாதனைகள் வந்து குவிய, 'எங்கள் துறைக்கு இன்னும் ஒரு பத்தி' என்கிற ஆசை எல்லாருக்கும் இருக்க, வெட்டி ஒட்டி, அமைச்சரவை ஒப்புதல் பெற்று, ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சாகி வருகிறது. ஆளுநர் ஆங்கிலத்தில் படிப்பார். முடிந்ததும் பேரவைத் தலைவர் தமிழில் படிப்பார். முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து, கடைசியில் நாட்டுப்பண். அதாவது, இன்று உள்ளே ஒலிக்க வேண்டிய ஒவ்வொரு சொல்லும் நேற்றே அச்சாகிவிட்டது. ஒரு ஒற்றெழுத்துகூடப் புதிதாக வர வழியில்லை.

அப்புறம் ஏன் நிருபர் மாடத்தில் இத்தனை பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்? அச்சில் வராததைப் பார்க்கத்தான்!

உதாரணம் வேண்டுமா? உட்காரும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யார் யார் பக்கத்தில் என்பதை முடிவு செய்வது பேரவைத் தலைவர். அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்த பிறகு, எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமிக்குப் பக்கத்து இருக்கையில் ஓ. பன்னீர்செல்வம் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார். அடுத்தடுத்த இருக்கை, கண்ணோடு கண் பார்ப்பதில்லை! மாடத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதைவிட என்ன சுவாரசியம் வேண்டும்? மாற்றிக் கொடுங்கள் என்று கடிதத்துக்கு மேல் கடிதம், அமளி, வெளியேற்றம் எல்லாம் நடந்து, கடைசியில் 2024 பிப்ரவரியில்தான் அந்த இருக்கை பழனிசாமி தரப்பு ஆர்.பி. உதயகுமாருக்கு ஒதுக்கப்பட்டது. அன்றைக்கு எந்தத் தீர்மானத்தைவிடவும் அந்த நாற்காலியைப் பற்றித்தான் தாழ்வாரத்தில் பேச்சு.

பேண்டு முழங்குகிறது! ஆளுநரின் கார் வந்துவிட்டது. பேரவைத் தலைவரும் செயலாளரும் வரவேற்று அழைத்துவருகிறார்கள். அவைக்காவலர்கள் முன்னே நடக்க, மண்டபமே எழுந்து நிற்கிறது. ஐம்பத்தைந்து நொடி தமிழ்த்தாய் வாழ்த்து. அந்த ஐம்பத்தைந்து நொடியில் மாடத்திலிருந்து முகங்களைப் பாருங்கள். எதிர்க்கட்சி வரிசையில் கொறடாவின் கண் ஓரிடத்தில் நிற்காது, தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். யாரோ மடித்த தாளைப் பைக்குள் தொட்டுப் பார்க்கிறார். யாரோ சட்டைக்கு மேல் ஒட்டவேண்டிய வாசக அட்டையைச் சரிசெய்கிறார். வெளிநடப்பு என்பது ஏதோ கோபத்தில் சட்டென்று நடப்பது என்றா நினைத்தீர்கள்? பல நாள் அது முந்தின நாள் மாலைக் கூட்டத்திலேயே முடிவாகிவிடும். எந்த வரியில் எழுந்திருப்பது, யார் முதலில் குரல் கொடுப்பது, வெளியே மைக் முன்னால் யார் பேசுவது என்பது வரை. நிருபர்கள் தங்களுக்குள் மணி எத்தனைக்கு என்று பந்தயம் கட்டுவதும் உண்டு. தேநீர்தான் பந்தயப் பணம்.

ஆனால் 2023 ஜனவரி 9 அன்று பந்தயம் கட்டிய எல்லாரும் தோற்றார்கள். ஆளுநர் ஆர்.என். ரவி உரையைப் படித்துக்கொண்டே போகிறார். கையில் புத்தகத்தோடு கூடவே வரிவரியாக விரலை ஓட்டியவர்களுக்கு முதலில் சந்தேகம், பிறகு அதிர்ச்சி. சில வரிகள் காணவில்லை! பெரியார், அம்பேத்கர், காமராஜர், அண்ணா, கலைஞர் பெயர்கள் வரும் பகுதி, 'திராவிட மாடல்' என்கிற சொல், எல்லாம் தாண்டிப் போய்விட்டன. பேரவைத் தலைவர் அப்பாவு தமிழில் முழுதாகப் படித்து முடித்ததும் முதலமைச்சர் ஸ்டாலின் எழுந்தார். பேரவை விதி 17-ஐத் தளர்த்தி ஒரு தீர்மானம்: அச்சிட்டுக் கொடுத்த உரை மட்டுமே அவைக் குறிப்பில் ஏறும். ஆளுநர் மேடையில் இருக்கும்போதே! ஆளுநர் எழுந்தார், நாட்டுப்பண் வரை காத்திருக்கவில்லை, நடந்துவிட்டார். 

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆளுநர் ரவி சில நிமிடங்களில் உரையை நிறுத்திக்கொண்டார். அதற்கடுத்த 2025 ஜனவரி 6-ல், தொடக்கத்தில் நாட்டுப்பண் இசைக்கவில்லை என்று சொல்லி, உரையைப் படிக்காமலே கிளம்பிவிட்டார். இரண்டு முறையும் தமிழ் உரையைப் பேரவைத் தலைவர் படித்து முடித்தார். யார் பக்கம் நியாயம் என்கிற வழக்கை வேறு பக்கங்களில் நடத்திக்கொள்ளட்டும். என் கட்சி எளிமையானது: வருவதாக ஒப்புக்கொண்டவர் படித்துவிட்டுப் போகலாம். கருத்து வேறுபாட்டைச் சொல்ல ஆளுநர் மாளிகையில் காகிதத்துக்கா பஞ்சம்? இது நம்மூர் வியாதி மட்டுமில்லை என்பதில் ஒரு ஆறுதல். 1969-ல் மேற்கு வங்க ஆளுநர் தரம் வீரா, தன்னைக் குறை சொல்லும் பத்திகளைப் படிக்காமல் தாண்டினார். 2024 ஜனவரியில் கேரளத்தில் ஆரிஃப் முகமது கான் கடைசிப் பத்தியை மட்டும் படித்தார். மொத்தம் ஒன்றேகால் நிமிடம். பாலக்காட்டுக்கு அந்தப் பக்கமும் அச்சகத்துக்காரர் உழைப்பு வீண்தான்!

இந்தக் களேபரத்தில் ஒரு கூட்டத்தை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. பேரவைத் தலைவர் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சுருக்கெழுத்தாளர்கள். சில நிமிடங்களுக்கு ஒருவர் எழுந்து போக, அடுத்தவர் அதே சொல்லில் பிடித்துக்கொள்வார். தேர் நகர நகர முட்டுக்கட்டை போடுகிறவர்கள் மாதிரி, கண் அங்கே, கை இங்கே. நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது யார் என்ன சொன்னார் என்று எழுதுவது லேசான வேலையா? கத்தியதைப் பிறகு 'அவைக் குறிப்பிலிருந்து நீக்குகிறேன்' என்று ஒரே வாக்கியத்தில் தலைவர் துடைத்துவிடுவார். மேசை தட்டும் ஓசை எழுத்தில் வராது என்பதுதான் எனக்கு வருத்தம். முன்வரிசை அமைச்சரின் தட்டல் ஒரு ரகம், முதல்முறை உறுப்பினரின் தட்டல் வேறு ரகம்.

அச்சில் வராததெல்லாம் சண்டைதான் என்றும் இல்லை. 1967 ஜூலை 18 அன்று இதே மண்டபத்தில் மாநிலத்துக்குப் பெயர் மாற்றும் தீர்மானம் நிறைவேறியது. அது அச்சில் இருந்தது. நிறைவேறியதும் முதலமைச்சர் அண்ணா எழுந்து 'தமிழ்நாடு' என்று மூன்று முறை சொல்ல, அவை மூன்று முறையும் 'வாழ்க' என்றது. அது எந்த நிகழ்ச்சி நிரலிலும் இல்லை! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது, நான் அங்கே இல்லாதபோதும்.

நாட்டுப்பண் முடிந்தது. கூட்டம் கலைகிறது. இனிதான் நிருபர்களின் ஓட்டப்பந்தயம். ஒரு பக்கம் வெளிநடப்பு செய்தவர்களின் பேட்டி, இன்னொரு பக்கம் ஆளும் வரிசையின் பதில், நடுவில் கேமராக்காரர்களின் தள்ளுமுள்ளு. அதைவிட முக்கியமான கதவு ஒன்று இருக்கிறது. பேரவைத் தலைவர் அறை. அலுவல் ஆய்வுக் குழு அங்கே கூடியிருக்கிறது. இந்தக் கூட்டம் எத்தனை நாள் நடக்கும் என்பதை அங்கேதான் பேசி முடிப்பார்கள். எதிர்க்கட்சிக்குக் கூடுதல் நாள் வேண்டும். ஆளும் கட்சிக்கு அலுவல் அவ்வளவுதான் என்று தோன்றும். கட்சி மாறினால் வசனமும் மாறும். நேற்று நாள் கேட்டவர் இன்று குறைப்பார்!

கதவு திறக்கிறது. 2025-ல் ஜனவரி 11 வரை என்று முடிவானது. 2023-ல் 13 வரை. கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் போகும்: மறைந்தவர்களுக்கு ஒரு நாள் இரங்கல், பிறகு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது விவாதம், கடைசி நாள் முதலமைச்சர் பதிலுரை. 2025-ல் இரண்டாம் நாள் மன்மோகன் சிங்குக்கும் ஈ.வெ.கி.ச. இளங்கோவனுக்கும் இரங்கல் தெரிவித்து அவை ஒத்திவைக்கப்பட்டது. மூன்றாம் நாளிலிருந்து கேள்வி நேரம், அதன்பின் நேரமில்லா நேரம், ஒத்திவைப்புத் தீர்மானம், கவன ஈர்ப்பு என்று அவை தன் குரலைக் கண்டுபிடித்துக்கொள்ளும். பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளைச் சொல்லிப் பொருளும் சொல்லித் தொடங்குவார், அடுத்த பத்தாவது நிமிடம் அந்தக் குறளையே ஒரு உறுப்பினர் எதிர்வரிசையின் மேல் வீசுவார்.

அறைக்கு வெளியே தூண் ஓரமாக ஒரு உறுப்பினர் போனில் இருக்கிறார். காலையில் மடிப்பு கலையாதிருந்த அந்த வேட்டி இப்போது நன்றாகவே கசங்கிவிட்டது. "சனிக்கிழமை வரைக்கும் போட்டுட்டாங்கம்மா... ஆமா, வெள்ளிக்கிழமை நான் பேசணும், தொகுதிப் பாலம் இருக்கு... இல்ல, வர முடியாது. மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு நீ போய்ட்டு வா, மொய்க் கவர் மேசை டிராயர்ல இருக்கு, என் பேர் போட்டு எழுது!"