கமிஷன் யாருக்குச் சேரும்? காப்பீட்டு முகவர்கள் கவனத்திற்கு



சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். இத்தா முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. விண்ணப்பத்தில் மர்ஹூம் கணவரின் தொழில் என்ற இடத்தில் "இன்சூரன்ஸ்" என்று எழுதியிருந்தார். அவரை நம் ஊரில் பலருக்கும் தெரியும். தேரடி வீதிக் கடைகளிலிருந்து போளூர் சாலை, செங்கம் சாலை வரை, முதலில் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் போய்ப் பிரீமியம் வசூலித்தவர். தீபத் திருவிழாக் கூட்டத்தில் ஊரே அசைய முடியாமல் இருக்கும் நாளிலும், தவணைத் தேதி தாண்டிவிடும் என்று நடந்தே வந்து நிற்பார். என் ஸ்கூட்டருக்கும் அவர்தான் இன்சூரன்ஸ் எடுத்துத் தந்தார்.

சகோதரி கையில் ஒரு நீள நோட்டு இருந்தது. பெயர், பாலிசி எண், தவணைத் தேதி எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. "இதுக்கெல்லாம் வருஷா வருஷம் கமிஷன் வரும்னு சொல்வார். இனி யார்கிட்ட போய்க் கேக்கணும் பாய்?" என்று கேட்டார்.

விசாரித்தோம். அந்த நோட்டில் இருந்த ஒரு பாலிசியிலும் அவர் முகவராகப் பதிவாகவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் அவர் முகவர் தேர்வே எழுதவில்லை. நண்பர் ஒருவரின் முகவர் எண்ணில், அதாவது 'கோடில்', பதினான்கு ஆண்டுகள் தொழில் செய்திருக்கிறார். கமிஷன் நண்பரின் வங்கிக் கணக்குக்கு வரும். அவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார். நிறுவனத்தைப் பொறுத்தவரை நம் சகோதரர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. என் ஸ்கூட்டர் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் வேறு பெயர்தான். இத்தனை ஆண்டுகளில் நானும் அதைப் பார்த்ததில்லை.

காப்பீடு பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை அதைப் பேசவில்லை. இத்தொழிலில் ஏற்கெனவே இருக்கும் நம் மக்களின் உழைப்புக்கான கூலி வீணாகக் கூடாது என்பதே நோக்கம்.

நியமனக் கடிதம்தான் அடிப்படை

1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டது. அதற்கு முன் முகவர்களுக்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் தேவைப்பட்டது. இப்போது தேர்வில் தேறியவரைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாக நியமிக்கிறது. 2016 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி ஒருவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றுக்கு ஒரே நேரத்தில் முகவராக இருக்கலாம். இரண்டு ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு இருக்க முடியாது.

நியமனம் முடிந்ததும் நியமனக் கடிதம், அடையாள அட்டை, முகவர் எண் ஆகிய மூன்றும் உங்கள் கைக்கு வரவேண்டும். "கோடு போட்டாச்சு, நீங்க பாலிசி எழுதுங்க" என்று அதிகாரி வாயால் சொன்னால் போதாது. கடிதம் வருமுன் எழுதிய பாலிசிகள் பெரும்பாலும் வேறொருவர் எண்ணில்தான் ஏறியிருக்கும். ஆணையத்தின் முகவர் இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்தால், நீங்கள் எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறீர்கள் என்று தெரியும்.

வாகனக் காப்பீடு எழுதும் இளைஞர்களில் பலர் முகவர்கள் அல்ல. ஒரு தரகு நிறுவனத்தின் 'பாயிண்ட் ஆஃப் சேல்ஸ்' விற்பனையாளர்கள். செல்போன் செயலியில் பாலிசி போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாலிசியில் அச்சாகியிருப்பது காப்பீட்டு நிறுவனத்தின் பெயர். உங்களுக்குப் பணம் தரவேண்டியது தரகு நிறுவனம். பாக்கி வந்தால் கேட்கவேண்டிய இடமும் அதுவே.

அடுத்தவர் எண்ணில் எழுதுபவர்களுக்கு

"அப்போதே ஒரு பத்திரத்தில் எழுதி வாங்கியிருக்கலாமே" என்று சிலர் சொன்னார்கள். எழுதி வாங்கியிருந்தாலும் நீதிமன்றத்தில் நின்றிருக்காது. காப்பீட்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, பாலிசி பிடித்துக் கொடுத்ததற்காக முகவர், இடைத்தரகர் தவிர வேறு யாருக்கும் கமிஷன் கொடுப்பதையும், கொடுப்பதாக ஒப்பந்தம் செய்வதையும் தடுக்கிறது. சட்டம் தடுத்த ஒன்றுக்குப் போட்ட ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. நியமனம் இல்லாமல் முகவர் வேலை பார்ப்பவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் 2015 திருத்தம் இடம் தருகிறது.

எண்ணுக்கு உரியவருக்கும் சிக்கல் உண்டு. கமிஷன் முழுவதும் அவர் பான் எண்ணில் வருமானமாகப் பதிவாகும். வரி அவர் தலையில். நீங்கள் வசூலித்த பிரீமியம் ஒரு நாள் கட்டப்படாமல் போனால் நிறுவனம் கேட்பதும் அவரைத்தான்.

வரவேண்டிய கமிஷன் ஏன் நிற்கிறது?

சொந்த நியமனம் உள்ளவர்களுக்கும் கமிஷன் நிற்பதுண்டு. நம்மிடம் வந்தவர்களின் ஆவணங்களைப் பார்த்த அனுபவத்தில் காரணங்கள் பெரும்பாலும் இவை:

முதலாவது, பெயர் பொருந்தாமை. நம் மக்களிடம் இது மிக அதிகம். முஹம்மது என்ற பெயர் ஆங்கிலத்தில் பான் அட்டையில் ஒரு விதமாகவும், வங்கியில் இன்னொரு விதமாகவும், ஆதாரில் வெறும் தலைப்பெழுத்தாகவும் இருக்கும். அதனால் பணம் வங்கியிலிருந்து திரும்பிப் போகும், யாரும் சொல்லமாட்டார்கள். பானும் ஆதாரும் இணைக்கப்படாவிட்டால் பான் செயலிழந்து, வரிப் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும்.

இரண்டாவது, பிரீமியம் வராமை. நிறுவனத்துக்குப் பிரீமியம் வந்தால்தான் கமிஷன் உண்டு. காசோலை திரும்பினாலோ, பாலிசி கிடைத்த 30 நாட்களுக்குள் வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பினாலோ, கொடுத்த கமிஷனும் அடுத்த மாதத்தில் கழிக்கப்படும்.

மூன்றாவது, விகித மாற்றம். 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு பாலிசி வகைக்கும் ஆணையம் வைத்திருந்த தனித்தனி உச்சவரம்பு நீங்கியது. இப்போது மொத்தச் செலவு வரம்புக்குள் நிறுவனத்தின் இயக்குநர் குழுவே கமிஷனை முடிவு செய்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் எல்ஐசி பல திட்டங்களுக்கு முதல் ஆண்டுக் கமிஷனை 35 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாகக் குறைத்து, அடுத்த ஆண்டுகளுக்கு 5 சதவீதமாக இருந்ததை 7.5 ஆக்கியது. பாலிசி தொடக்கத்திலேயே சரண்டர் செய்யப்பட்டால் கமிஷனைத் திரும்பப் பிடிக்கும் முறையும் வந்தது. முகவர் சங்கங்கள் இதை எதிர்த்தன. குறைவாக வந்த தொகை பாக்கியா, மாறிய விகிதமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வருமான வரி இணையதளத்தில் உங்கள் 26ஏஎஸ் படிவத்தை எடுங்கள். 2025 ஏப்ரல் முதல், ஓர் ஆண்டில் ஒரு நிறுவனம் தரும் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. உங்களுக்கு எவ்வளவு கொடுத்ததாக நிறுவனம் அரசிடம் சொல்லியிருக்கிறது என்பது அந்தப் படிவத்தில் இருக்கும். அதில் உள்ள தொகை உங்கள் வங்கிக் கணக்கில் இல்லையென்றால், அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

விலகினால் என்ன ஆகும்?

ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக விரும்புபவர் நியமனக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் எழுத்துமூலம் ஒப்படைக்க வேண்டும். 2016 விதிகளின்படி 15 நாட்களுக்குள் நிறுவனம் விலகல் சான்றிதழ் தரவேண்டும். அந்தச் சான்றிதழ் தேதியிலிருந்து 90 நாட்கள் கழிந்த பிறகே அதே வகையைச் சேர்ந்த புதிய நிறுவனம் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும். சான்றிதழ் வாங்காமல் சும்மா நின்றுவிட்டால் உங்கள் பான் பழைய நிறுவனத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கும்.

விலகிய பிறகு பழைய பாலிசிகளின் கமிஷன் தொடருமா என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எல்ஐசியில் இதற்குத் தனி விதிமுறைகள் உள்ளன. மோசடி காரணமாக நீக்கப்பட்டவர் தவிர, குறிப்பிட்ட ஆண்டுகள் தொடர்ந்து பணி செய்தவருக்குக் கமிஷன் தொடரும். மரணித்தால் அவர் நியமித்த வாரிசுதாரருக்குச் சேரும். 2023 செப்டம்பரில் மத்திய அரசு, எல்ஐசியின் 13 லட்சத்துக்கும் அதிகமான முகவர்களுக்கான சலுகைகளை அறிவித்தபோது பணிக்கொடை வரம்பை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தியது. விலகி மீண்டும் சேர்ந்தவர்களுக்குப் பழைய பாலிசிகளின் புதுப்பித்தல் கமிஷனையும் அனுமதித்தது. தனியார் நிறுவனங்களில் இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கையெழுத்திடும் முன் "வேலையை விட்டால் என்ன, இறந்தால் என்ன?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தத் தாளில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே போய்க் கேட்பது?

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் பாலிசிதாரர்களுக்கானவர். முகவரின் கமிஷன் வழக்கை அவர் விசாரிப்பதில்லை. அங்கே மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

முதலில் கிளை மேலாளருக்கு எழுத்துமூலம் கேளுங்கள். பாலிசி எண், பிரீமியம் கட்டிய தேதி, வரவேண்டிய தொகை என்று பட்டியலாக எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள் அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் கோட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். நியமனத்தையே நிறுத்திவைத்தாலோ ரத்து செய்தாலோ, நிறுவனம் முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தரவேண்டும். அதன் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

எல்ஐசி, யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்களிடம் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் கமிஷன் விவரத்தைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு இது பொருந்தாது.

அதற்கும் அசையாவிட்டால், இது ஒப்பந்தப்படி வரவேண்டிய பணம்; உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரிய விஷயம். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கான விதி இருந்தால் முதலில் அந்த வழி. பணம் வரவேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போடவேண்டும். "பார்க்கலாம், அடுத்த மாசம் வந்துடும்" என்று கேட்டுக்கொண்டே மூன்று ஆண்டுகளைக் கடத்தியவர்கள் உண்டு. சிறிய தொகைக்கு வழக்குச் செலவு கட்டாது என்று நினைப்பவர்கள், நம் ஊரிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு வைக்கலாம். அங்கே கட்டணம் இல்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞரும் கிடைப்பார்.

இந்த வாரமே செய்யவேண்டியவை

நியமனக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். மாதாந்தரக் கமிஷன் பட்டியலை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு அதே கோப்பில் சேருங்கள். பான், ஆதார், வங்கி மூன்றிலும் பெயரை ஒன்றாக்குங்கள். கமிஷனுக்கு வாரிசு நியமனம் செய்து, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லுங்கள். வசூலித்த பிரீமியம் அமானத். வீட்டுச் செலவோடு கலக்காமல் அன்றைக்கே கட்டி, ரசீதைக் கொடுத்துவிடுங்கள். வாடிக்கையாளருக்காக உங்கள் கமிஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதும் 41ஆம் பிரிவின்படி குற்றம்.

எழுதி வைப்பது நம்பிக்கையின்மை என்று நம்மில் சிலர் கூச்சப்படுகிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல் பகரா 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

அந்தச் சகோதரியின் விஷயத்தில், எண்ணுக்கு உரிய நண்பரை அழைத்து ஜமாஅத் பெரியவர்கள் இருவர் முன் பேசினோம். அவர் எதையும் மறுக்கவில்லை. ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் தாம் ஏற்பதாகச் சொன்னார். இதுவரை கட்டிவருகிறார், அல்ஹம்துலில்லாஹ். மற்ற பிள்ளையின் கட்டணத்தை அறக்கட்டளை ஏற்றிருக்கிறது. ஆனால் அவர் தருவது உதவி. நாளை அவர் கை இறுகி நிறுத்தினால், பதினான்கு ஆண்டு உழைப்பின் பேரில் கேட்பதற்கு அந்தச் சகோதரிக்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

நம் மக்களில் யாராவது இன்றும் அடுத்தவர் எண்ணில் எழுதிக்கொண்டிருந்தால், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குத் தனித்தேர்வராக எழுதும் விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறோம். முடித்தவர்களுக்கு முகவர் தேர்வுக்கான பாடப் புத்தகம் அலுவலகத்தில் இருக்கிறது, எடுத்துச் செல்லலாம்.