புள்ளி போனால் பெயர் போச்சு!

“பெரம்பலூர்” என்று எழுதிப் பாருங்கள், இரண்டு புள்ளிகள். “அரியலூர்” என்றால் ஒரு புள்ளி. கணிப்பொறியில் படத்தைச் சிறிதாக்கும்போது முதலில் காணாமல் போவது இவைதான். அது ஏன், எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

ஸ்கேன் செய்த கறுப்பு-வெள்ளைப் படத்தில் கறுப்பு பிக்சலுக்கு 1, வெள்ளைக்கு 0. இதுவே இருநிலைப் படம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் எடுத்தால் 2480 × 3508, அதாவது சுமார் 87 லட்சம் பிக்சல். நீளம், அகலம் இரண்டையும் பாதியாக்கினால் நாலு பிக்சல் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சும். அந்த ஒன்று கறுப்பா, வெள்ளையா?

சுலபமான வழி, ஒன்றுவிட்டு ஒன்று எடுப்பது. ஆனால் ஒரே பிக்சலாக விழுந்த புள்ளி பிழைக்க நாலில் ஒரு வாய்ப்புதான். ஒரு பிக்சல் பருமனுள்ள படுக்கைக் கோடு, விட்டுப்போகும் வரிசையில் விழுந்தால் முழுக் கோடும் போச்சு!

இதிலென்ன நஷ்டம் என்கிறீர்களா? எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். பட்டா, புலப்படம் எது வந்தாலும் அப்பா என்னிடம்தான் நீட்டுவார். “நம்ம வரப்பு எதுடா, பார்த்துச் சொல்லு” என்பார். புலப்படத்தில் வரப்பு ஒரு மெல்லிய கோடு. அது அழிந்தால் இரண்டு பேர் நிலம் ஒன்றாகத் தெரியும்.

ஆகவே விதியை மாற்ற வேண்டும். நாலில் ஒன்று கறுப்பானாலும் விடை கறுப்பு. இது நாம் படித்த ‘ஆர்’ கேட்தான். ஆனால் 87 லட்சத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதா? மாட்டு ஏர் ஒரு நடையில் ஒரு சால் ஓட்டும். ஒன்பது கொத்துக் கலப்பை ஒரே ஓட்டத்தில் ஒன்பது சால் ஓட்டும். வெக்டர் செயலாக்கம் அந்தக் கலப்பை.

லெப்டோனிகா என்ற இலவச நிரல் நூலகம் 32 பிக்சலை ஒரே 32 பிட் சொல்லில் அடுக்குகிறது. மேல்வரிசைச் சொல்லையும் கீழ்வரிசைச் சொல்லையும் ‘ஆர்’ செய். விடையை ஒரு பிட் நகர்த்தி மறுபடி ‘ஆர்’ செய். ஒன்றுவிட்டு ஒரு பிட்டை எடு. 64 பிக்சல் 16 ஆகிவிட்டது! 2000ல் பென்டியம் 4ல் வந்த எஸ்எஸ்இ2 கட்டளைகள் 128 பிட்டை ஒரே தடவையில் கையாளும். ஒன்று கவனிக்கவும். பிக்சலுக்கு 8 பிட் ஒதுக்கினால் அதில் 16 பிக்சல்தான் அடங்கும். 1 பிட் என்றால் 128.

லெப்டோனிகாவின் ‘பிக்ஸ்ரெடியூஸ்ரேங்க்பைனரி2’ என்ற செயற்கூறில் 1 முதல் 4 வரை ஓர் எண் கொடுக்கலாம். எத்தனை கறுப்பு இருந்தால் விடை கறுப்பு என்பதே அந்த எண். 1 கொடுத்தால் புள்ளி, கோடு எல்லாம் தப்பும்; ஆனால் தூசியும் தங்கும், ‘ண’வின் சுழியும் அடைபடலாம். 2 கொடுத்தால் தனித் தூசி போகும். கூடவே ஒரு பிக்சல் புள்ளியும் போகும், சாய்ந்த வரப்புக் கோடு அங்கங்கே அறுபடலாம்.

நம் எழுத்துக்கும் நிலப்படத்துக்கும் முதலில் 1 போட்டுப் பாருங்கள். கறுப்புக்கு 0 வைத்த படமென்றால் ‘ஆர்’ இருந்த இடத்தில் ‘ஆண்ட்’ வர வேண்டும். சிறிய படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் மூலப் படத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். போன பிக்சலை எந்தக் கட்டளையும் திருப்பித் தராது.