கொல்லையில் ஒரு கூரை: பந்தலா, கீற்றா, தகரமா?

சுவாமிமலைப் பக்கத்துப் பழைய மனைகள் பலவும் முன்னால் குறுகலாகவும் பின்னால் நீளமாகவும் இருப்பவை. கடையில் சரக்கு நெரிகிறது. கொல்லையில் வாழையும் கிணறும் போக இடம் சும்மா கிடக்கிறது. "கொல்லையில் ஒரு கொட்டகை போட்டால் என்ன?" என்ற எண்ணம் வணிகர் எவருக்கும் ஒருநாள் வரும். "இதற்கு ஆசாரி எதற்கு? சவுக்கும் கயிறும் வாங்கினால் நாமும் பிள்ளைகளுமாகக் கட்டிவிடலாம்" என்ற துணிவும் கூடவே வரும். நமக்கும் வந்தது. மூன்று முறை கட்டி, இரண்டு முறை நட்டப்பட்ட அனுபவத்தை இங்கே சொல்கிறோம்.

கீற்றில் பட்ட நட்டம்

முதலில் போட்டது கீற்றுக் கொட்டகை. செலவு குறைவு, நிழல் குளுமை. ஆனால் நாம் செய்த பிழை இரண்டு. சவுக்குக் கால்களைப் பட்டை உரிக்காமல் மண்ணிலேயே நட்டோம். காலிச் சாக்குகளைத் தரையிலேயே அடுக்கினோம். காவிரி வண்டல் ஈரம் விடாத மண். அடுத்த ஐப்பசிக்குள் கால்கள் தரைமட்டத்தில் இற்றுப்போயின. கரையான் அதன் வழியே ஏறிச் சாக்கைத் தின்றது. கொட்டகைக்குச் செலவிட்டதைவிடச் சாக்கில் போனது அதிகம்.

மண்ணுக்குள் புதைந்த மரம் முதலில் இற்றுப்போவது அடியில் அல்ல. மண்ணும் காற்றும் சந்திக்கும் தரைமட்டத்தில்தான். நம் முன்னோர் வீட்டுத் திண்ணைத் தூணுக்குக் கீழே கருங்கல் வைத்தது அழகுக்கு மட்டுமல்ல. சவுக்கு என்றால் பட்டை உரித்து, காயவைத்து, அடியில் தார் பூசி, கல்லின்மேல் நிறுத்துவதே நல்லது. மூங்கிலைச் சில வாரம் குளத்து நீரில் ஊறப்போட்டால் அதிலுள்ள மாவுச்சத்து கரையும். உளு விழுவது குறையும். காய்ந்த சவுக்கில் நேராக ஆணி அடித்தால் பிளக்கும். துளை போட்டு அடிக்க வேண்டும், அல்லது கயிற்றால் கட்ட வேண்டும்.

தகரத்தில் பட்ட நட்டம்

இரண்டாவது முறை தகரம். கீற்றுப்போல ஆண்டுக்காண்டு மாற்ற வேண்டாமே என்று போட்டோம். கூரையைத் தாழ்வாக அமைத்ததால் சித்திரை வெயிலில் வெல்லம் கசிந்து பாகாக ஓடியது. தகரத்தை வெறும் ஆணியால் அடித்திருந்தோம். ஆடிக் காற்று இரண்டு தகட்டைத் தூக்கிப் பக்கத்துக் கொல்லையில் போட்டது. ஆள்மேல் விழாதது முருகன் அருள்.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலை நாம் மறக்கவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் சாய்ந்ததோடு கூரைகளும் பறந்தன. தகடு போடுகிறவர்கள் கொக்கி போல்ட்டால் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். மூலைகளில் குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் பறக்கும் தூசு புற்றுநோய் தரக்கூடியது. கையாலே கட்ட நினைப்பவர் அதைத் தொடாமலிருப்பதே நலம்.

நெருப்பை மறக்கக் கூடாது

காற்றையும் கரையானையும்விடப் பெரிய பகை நெருப்பு. 2004 ஜூலை 16 அன்று, நமக்குப் பக்கத்துக் கும்பகோணத்தில், பள்ளிச் சமையற்கூடத்தின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாதென்று அரசு உத்தரவிட்டது. அந்த உத்தரவு பள்ளிக்கு. பாடம் நம் எல்லோருக்கும். நம் சரக்கில் சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய், தீப்பெட்டி இல்லாத கடை எது? கீற்றுக்குக் கீழே அடுப்பும் கூடாது, இவையும் கூடாது, மின்கம்பி ஒட்டும் கூடாது.

நம் ஊர் ஸ்தபதிகளைப் பாருங்கள். மெழுகு உருவத்தின்மேல் வண்டல் மண் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். அதே தொழிலில் உலோகம் உருக்க உலையும் வேண்டும். நிழல் கேட்கும் வேலையும் நெருப்புக் கேட்கும் வேலையும் ஒரு தொழிலிலேயே இருக்கலாம். ஒரு கூரைக்குக் கீழே இருக்கலாகாது என்பது நமது கருத்து.

எதைத் தேர்ந்தெடுப்பது?

விலையை முதலில் கேட்காதீர்கள். அடியில் என்ன வைக்கப் போகிறோம், எத்தனை மாதம் வைக்கப் போகிறோம் என்று கேளுங்கள்.

திருவிழாக் கூட்டத்துக்கும் வீட்டு விசேஷத்துக்கும் சில நாள் நிழல் போதுமென்றால் பந்தல். காரியம் முடிந்ததும் பிரித்து மூங்கிலைப் பத்திரப்படுத்தலாம்.

மாடு கட்டவும், வேலையாட்கள் உட்காரவும், வாழைத்தார் இறக்கவும் கீற்று. இரண்டு மழைக்காலத்துக்கொரு முறை மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சரிவு செங்குத்தாக இருந்தால்தான் மழைநீர் நிற்காமல் ஓடும்.

சரக்கு வைப்பதென்றால் மரச்சட்டத்தின்மேல் தகரம் அல்லது ஓடு. ஓட்டின் கனத்துக்குச் சட்டம் தடிப்பாக வேண்டும். அதற்கு ஆசாரியைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை. தகரமென்றால் உயரமாகப் போட்டு, மேலே காற்றுப் போக வழி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். திறப்பைத் தெற்கே வையுங்கள். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள்.

நமது மூன்றாவது கொட்டகை இப்படிக் கட்டியது. கல்லின்மேல் கால், கொக்கி போல்ட்டில் தகரம். வெல்லம் மட்டும் இன்றும் கடைக்குள்ளேயே இருக்கிறது.

இன்னும் இரண்டு சொல். நிலையான கொட்டகை என்றால் பேரூராட்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள். சரக்குக்குக் காப்பீடு எடுத்திருப்போர் அது எந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறதென்பதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் சங்கடம்.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்றார்கள் பெரியோர். சிறுகக் கட்டலாம், யோசியாமல் கட்டத்தான் கூடாது.