சேமித்த யூனிட்டுக்குக் கணக்குக் கேளுங்கள்

மின் விநியோக நிறுவனத்தின் வருமானம் அது விற்கும் யூனிட்டில் இருக்கிறது. கம்பம், கம்பி, மின்மாற்றி, சம்பளம், கடன் வட்டி எல்லாம் விற்பனை கூடினாலும் குறைந்தாலும் வந்து நிற்கும் செலவுகள். அவற்றில் பெரும்பகுதியை யூனிட் கட்டணத்தில்தான் மீட்க வேண்டும். வாடிக்கையாளர் சிக்கனமான ஏசிக்கு மாறினால் ஊருக்கு லாபம், நிறுவனத்துக்கு வரவு குறைவு. இந்தியாவில் இன்னொரு முடிச்சும் உண்டு. தொழிற்சாலைகளும் கடைகளும் அடக்கச் செலவைவிடக் கூடுதலாகக் கட்டித்தான் வீடுகளின் குறைந்த கட்டணத்தைத் தாங்குகின்றன. அவை சிக்கனமானால் விநியோக நிறுவனத்துக்கு அடி. இலவச மின்சாரத்தில் ஓடும் பம்புசெட் சிக்கனமானால் மிச்சம். ஆகவே சேமிப்பில் விநியோக நிறுவனத்துக்கும் ஒரு பங்கு கிடைக்க வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அந்தப் பங்கு நாம் கட்டும் கட்டணத்திலிருந்து போகிறது. எனவே அளந்து உறுதிசெய்த சேமிப்புக்கு மட்டுமே அதைத் தரலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா இதில் வெற்றியும் கண்டது, சறுக்கவும் செய்தது. 1982-இல் அந்த மாநிலம் மின் நிறுவனங்களின் வருமானத்தை விற்பனையிலிருந்து பிரித்தது. அனுமதித்த வருமானத்தைவிட வசூல் கூடினால் அடுத்த கட்டணத்தில் கழிப்பார்கள், குறைந்தால் சேர்ப்பார்கள். 1990-களின் சீர்திருத்தத்தில் கைவிட்ட இந்த ஏற்பாட்டை, 2000-01 மின் நெருக்கடிக்குப் பின் மீண்டும் கொண்டுவந்தார்கள். அங்கே தலைக்கு ஆகும் மின் நுகர்வு 1970-களிலிருந்து ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. மிதமான தட்பவெப்பத்துக்கும் தொழில்களின் தன்மைக்கும் அதில் பங்குண்டு. எல்லாப் புகழையும் கொள்கைக்கே கொடுத்துவிட முடியாது. 2007-இல் சேமிப்பு இலக்கை எட்டினால் பரிசு, மிகவும் பின்தங்கினால் அபராதம் என்று விதித்தார்கள். நிறுவனங்கள் சொன்ன சேமிப்பைவிட மதிப்பீட்டாளர்கள் கண்டது குறைவு. ஆனாலும் பரிசுப் பணம் போய்ச் சேர்ந்தது. பரிசு வாங்குபவரே அளவுகோலையும் பிடித்தால் இதுதான் நடக்கும்.

கடமையைச் செய்ய எதற்குப் பரிசு என்று கேட்கலாம். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஆண்டில் சில மணி நேரமே வரும் அந்த உச்சத்துக்காக மின்சாரத்தை அதிக விலைக்கு வாங்குவதும் புதிய நிலையம் கட்டுவதும் நம் தலையில்தான் விழும். உச்சத்தைக் குறைக்க அதைவிடக் குறைவாகச் செலவானால் பரிசு கொடுத்தும் நமக்கு மிச்சம். சேமிப்பு மலிவாகவும் முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு: நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேல் எல்இடி பல்புகளை வழங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டத்தில், மொத்தக் கொள்முதலால் பல்பின் விலை 310 ரூபாயிலிருந்து 38 ரூபாய்க்கு இறங்கியது. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. திட்டச் செலவு எல்லார் கட்டணத்திலும் ஏறும். பலன் புதுச் சாதனம் வாங்க முடிந்தவருக்கே போகும். வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வார்? மின்விசிறி, பல்பு போல எல்லா வீட்டிலும் இருப்பவற்றிலிருந்து திட்டம் தொடங்கினால்தான் இதற்குப் பதில் உண்டு. நேரவாரிக் கட்டணத்திலும் இதே ஆபத்து. ஸ்மார்ட் மீட்டர் உள்ள இடத்தில் பகல் சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவாகவும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகவும் கட்டணம் இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2023 விதித்திருத்தம். மாலையில் வேலை முடிந்து வந்து சமைப்பவர் மிக்சியைப் பகலுக்கு மாற்ற முடியாது.

இவற்றைக் கேட்க நுகர்வோர் கையில் இருக்கும் உரிமைகள் சிறியவை அல்ல. மின்சாரச் சட்டம் 2003-இன் 64-ஆம் பிரிவின்படி, பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும். பில்லில் தவறு என்றால் 42-ஆம் பிரிவின்படி நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அங்கே தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். மின் தேவையை மேலாண்மை செய்ய எவ்வளவு செலவானது, எத்தனை யூனிட் மிச்சமானது, அதை அளந்தது யார் என்ற மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அரசு மின் நிறுவனத்திடம் கேளுங்கள். கிடைக்கும் பதிலோடு அடுத்த கட்டண விசாரணைக்குப் போங்கள்.