தாயைக் காக்கும் அளவுக்கோடு!

குழந்தையின் முதல் அழுகுரல் கேட்டதும் குடும்பமே நிம்மதிப் பெருமூச்சு விடும். ஆனால், தாய்க்கு ஆபத்து அதன் பிறகும் வரலாம். பிரசவத்துக்குப் பிந்தைய அதீத ரத்தப்போக்கால் உலகில் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான பெண்கள் இறக்கிறார்கள்.

எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்பதைப் பல இடங்களில் கண்ணால் பார்த்துத்தான் கணிக்கிறார்கள். துணியில் ஊறிய ரத்தம் குறைவாகத் தெரியும், சிகிச்சை தாமதமாகும்.

இதற்குத் தீர்வு தேடியது ‘இ-மோட்டிவ்’ ஆய்வு. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்தது. ஒரு பிரிவு மருத்துவமனைகளில் வழக்கமான கவனிப்பு தொடர்ந்தது. மற்றவற்றில், பிரசவித்த பெண்ணுக்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்தார்கள். ரத்தம் 500 மில்லியைத் தொட்டாலோ, அதற்கு முன்பே அபாய அறிகுறி தெரிந்தாலோ, கர்ப்பப்பை மசாஜ், அதைச் சுருங்கவைக்கும் மருந்து, டிரனெக்ஸாமிக் அமிலம், டிரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் காத்திருக்காமல் சேர்த்தே தொடங்கினார்கள்.

முடிவுகள் 2023-ல் வெளியாகின. வழக்கமான முறையில் பாதிப்பேருக்குத்தான் அதீத ரத்தப்போக்கு கண்டறியப்பட்டது. விரிப்பு இருந்த இடங்களில் 93%. கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை சிகிச்சை, மரணம் மூன்றையும் சேர்த்த ஆபத்து 60% குறைந்தது.

புதிய மருந்து எதுவும் இல்லை. கையில் இருந்த மருந்துகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன, அவ்வளவுதான்!