கல்யாண மண்டபம் தேடுறீங்களா? அட்வான்ஸ் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

நிச்சயதார்த்தம் முடிஞ்சாச்சு. ஜோசியர் மூன்று முகூர்த்த தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார். மூன்றுக்குமே பிடித்த இடங்கள் புக் ஆகிவிட்டன. கடைசியாக ஒன்று கிடைக்கிறது. 'இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போட்டா உங்களுக்கு, இல்லன்னா வேற பார்ட்டிக்கு' என்கிறார் மேனேஜர். நீங்கள் இரண்டு பேரும் சேர்த்து வைத்த சில லட்சம் சிக்கிக்கொள்வது இந்த அவசரத்தில்தான்.

டெல்லி, நொய்டா, புனே மாதிரி ஊர்களில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே கல்யாணம் வைக்கிறீர்கள் என்றால், முதலில் ரேட் சொல்லும் முறையே வேறு. நம்ம ஊரில் மண்டபத்துக்கு ஒரு வாடகை, அதற்கு மேல் கரண்ட், ஜெனரேட்டர் டீசல், கிளீனிங் என்று தனித்தனியாக ஏறும். சமையலுக்கு நம்ம ஆள். வடக்கில் உள்ள பேங்க்வெட் ஹால்களில் பெரும்பாலும் 'ஒரு பிளேட்டுக்கு இவ்வளவு' என்பார்கள். அதில் இடமும் சாப்பாடும் அடக்கம். கூடவே 'மினிமம் கேரண்டி' என்று ஒன்று இருக்கும். பிளேட் 1,200 ரூபாய், கேரண்டி 300 பேர் என்று வையுங்கள். 220 பேர்தான் வந்தார்கள் என்றாலும் 300 பேருக்கும் பணம். யாரும் சாப்பிடாத இலைக்கு 96,000 ரூபாய்! வருவோம் என்று சொன்னவர்களின் எண்ணிக்கையை நம்பாமல், குறைத்தே கேரண்டி கொடுங்க.

நேரத்தையும் கேளுங்க. ராத்திரி கல்யாணத்துக்குப் பழகிய இடங்கள் சாயங்காலம் முதல் நள்ளிரவு வரை என்றே வாடகைக்கு விடும். உங்கள் முகூர்த்தமோ காலை 6 மணிக்கு முன்னால். திறந்தவெளி லான் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியும் வாத்தியங்களும் கூடாது. மூடிய ஹாலுக்குள் என்றால் விலக்கு உண்டு. லானில் 5 மணிக்குக் கெட்டிமேளம் கொட்ட முடியாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஜிஎஸ்டி. மண்டபத்தை மட்டும் வாடகைக்கு எடுத்தால் 18%. வாடகை 2.5 லட்சம் என்றால் வரி மட்டும் 45,000. அதே இடம் சாப்பாட்டையும் சேர்த்து ஒரே சேவையாகத் தந்தால் 5%தான். ஆனால் அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள ஹோட்டல்களில் அதற்கும் 18%. எனவே கொட்டேஷனை வரியோடு சேர்த்து எழுதி வாங்கி ஒப்பிடுங்க.

'பில் வேண்டாம்னா வரி இல்லை' என்ற ஆஃபர் கண்டிப்பாக வரும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நாளைக்கு தகராறு வந்தால் நீங்கள் பணம் கொடுத்ததற்கு என்ன சாட்சி? தவிர, ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் 2017 முதலே தடை போட்டிருக்கிறது. தவணையாகப் பிரித்து வாங்கினாலும் தப்பாது. வாங்கியவருக்கு அதே தொகை அபராதம்.

கல்யாணம் தள்ளிப்போனால்? ரசீதில் 'அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது' என்று சீல் குத்தியிருப்பார்கள். அந்த சீல் சட்டத்தை விடப் பெரியதல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டுக்கு மட்டுமே இடம் தருகிறது. அதே தேதிக்கு மண்டபம் வேறொருவருக்குப் போயிருந்தால், முழு அட்வான்ஸையும் பிடித்துக்கொள்ள அவர்கள் சொல்லும் காரணம் பலவீனமாகிவிடும். இருந்தாலும் வழக்கு நடத்தி வாங்குவதை விட, எத்தனை மாதத்துக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று இப்போதே எழுதி வாங்குவது சுலபம். மண்டபக்காரர்கள் ரத்து செய்தால் என்ன தருவார்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. இதைக் கேட்டதும் மேனேஜர் முகம் மாறினால், அதுவே உங்களுக்கு ஒரு தகவல்தான்.

பணம் திரும்ப வரவில்லை என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். மண்டபம் திருச்சியில், நீங்கள் புனேயில் என்றால் புனேயிலேயே வழக்கு போடலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது.